புரோகிதர் இல்லத்துப் பெண்ணின் வாள்

கயத்தாறு என்றதும் நம் நெஞ்சில் முதலில் எழுவது வாளேந்திய ஒரு வீரனின் உருவமே. 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் இவ்வூரில்தான் தூக்கிலிடப்பட்டார். சாலையோரத்தில் நிற்கும் அவரது சிலையைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகள், வாள் என்பது ஆண்மகன் கைக்கே உரியது என்று எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. ஆயினும் திருச்சபை 1920-ஆம் ஆண்டு புனிதர் நிலைக்கு உயர்த்திய ஜோன் ஆஃப் ஆர்க் என்னும் பிரெஞ்சு நாட்டுக் கன்னியின் சுரூபங்களில் வாளைக் காண்கிறோம். (வாளைவிடத் தம் கொடியையே நாற்பது மடங்கு மிகுதியாக நேசித்ததாக அவர் நீதிமன்றத்தில் கூறினார் என்பது வேறு செய்தி.)

இன்று நம் பங்குகளிலும் சிறுமியர் வெள்ளுடை அணிந்து கராத்தே பழகுகின்றனர். "இதனால் என்ன பயன்? எதுவரை போகும்?" என்று பெற்றோர் வினவுகின்றனர். 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், கராத்தே 50 கிலோ பிரிவில் மலேசியாவுக்குத் தங்கம் வென்றவர் ஷாமளாராணி சந்திரன் என்னும் தமிழ்ப் பெண் என்பதை அவர்களுக்குச் சொல்லலாம். ஆனால் அக்கேள்விக்கு இன்னும் நிறைவான விடை, கராத்தேக்கு உறவான வாள்வீச்சில், நம் தமிழகத் தலைநகரிலேயே கிடைக்கிறது. அவ்விடையின் பெயர் பவானி தேவி.

1993-இல் சென்னையில் பிறந்த இவர், பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவர். தந்தையார் புரோகிதர், அன்னையார் இல்லத்தரசி, ஐந்து பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. பள்ளியில் விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கச் சென்றபோது மற்ற விளையாட்டுகளில் எல்லாம் இடம் நிரம்பிவிட்டது. எஞ்சியது வாள்வீச்சு ஒன்றே. யாரும் விரும்பாமல் விட்டதை இவர் விரும்பி ஏற்றார். வாள் விலை மிகுதி என்பதால் பயிற்சிக்கு மூங்கில் கழி. உண்மையான வாளோ போட்டி நாளுக்கு மட்டும்.

இவர் கைக்கொண்டது சேபர் என்னும் வாள். முழு நீளம் 105 சென்டிமீட்டருக்கும் எடை 500 கிராமுக்கும் மேற்படலாகாது. இடுப்புக்கு மேலே, தலையும் கைகளும் உட்பட, எங்கே பட்டாலும் புள்ளி. குத்தலாம், வெட்டுவதுபோல் வீசவும் செய்யலாம். மின்கம்பி இணைத்த மேலாடையில் வாள் பட்டதும் விளக்கு எரியும். முதலில் 15 புள்ளி எடுப்பவர் வெல்வார். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துபோகும் இந்த ஆட்டத்திற்குக் கால்களே உயிர் என்பார்கள். பெண்களுக்கான சேபர் ஒலிம்பிக்கில் இடம்பெற்றதே 2004-இல்தான். ஏறத்தாழ அக்காலத்தில்தான் இச்சிறுமியும் மூங்கில் கழியைத் தொட்டார்.

முதல் வெளிநாட்டுப் போட்டி 2007-இல், துருக்கியில். வயது பதினான்கு. மூன்று நிமிடம் தாமதமாக வந்தார் என்று கறுப்பு அட்டை காட்டி வெளியேற்றிவிட்டார்கள். அத்தனை தொலைவு சென்ற பிள்ளை விளையாடாமலே திரும்பினாள். நம் வீடுகளாயின், "போதும் அம்மா, படிப்பைப் பார்" என்றிருப்போம். அவ்வீட்டார் அப்படிச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் கேரளத்தின் தலச்சேரியிலுள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையத்துக்கு மகளை அனுப்பினார்கள். நம் சிறுமியரின் வெள்ளுடை மடித்துப் பெட்டிக்குள் வைக்கப்படுவது பெரும்பாலும் இந்தப் பத்தாம் வகுப்பில்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

செலவுக்கு அன்னையார் தம் நகைகளை அடகு வைத்தார், கடனும் வாங்கினார். பெண் பிறந்த நாள் முதலே அவள் திருமணத்திற்கென்று குண்டுமணி குண்டுமணியாய்ப் பொன் சேர்க்கும் நம் தாய்மாருக்கு, அந்தத் துணிவின் எடையை நாம் விளக்க வேண்டியதில்லை. 2015-இல் பெங்களூருவின் கோஸ்போர்ட்ஸ் அறக்கட்டளை உதவிக்கு வந்தது. பின்னர் இத்தாலியின் லிவோர்னோ நகரில், நிக்கோலா சனோட்டி என்னும் ஆசிரியரிடம் பயிற்சி. ரியோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி கிட்டவில்லை. 2018-இல் கான்பெராவில் நடந்த காமன்வெல்த் வாள்வீச்சுப் போட்டியில் தங்கம் கிட்டியது. 2019-இல் தந்தையார் காலமானார். மகள் ஒலிம்பிக் களத்தில் நின்றதை அவர் காணவில்லை.

2021 ஜூலை 26. கொள்ளைநோயின் காரணமாகப் பார்வையாளர் எவருமற்ற தோக்கியோ அரங்கு. ஒலிம்பிக்கில் வாள் ஏந்திய முதல் இந்தியர் என்ற பெருமையுடன் களமிறங்கிய பவானி தேவி, துனீசியாவின் நாதியா பென் அசிசியை 15–3 என்று வென்றார். அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புரூனேயிடம் 7–15 என்று தோற்றார். அந்தப் புரூனேதான் பின்னர் வெண்கலம் வென்றவர். அன்றே பவானி தேவி நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார்! எதற்கு மன்னிப்பு? நம் நாட்டிலிருந்து அதுவரை ஒருவரும் எட்டாத வாசலில் கால் வைத்த பெண், உள்ளே நெடுந்தூரம் செல்லவில்லையே என்று வருந்துகிறாள். நம் பெண் மக்களை எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கவே பழக்கியிருக்கிறோமோ என்று நமக்கு ஐயம் எழுகிறது. பிரதமரோ, தங்களால் இயன்ற முழுமையையும் தந்தீர்கள், அதுவே முக்கியம் என்ற கருத்தில் விடையளித்தார்.

ஈராண்டுகளுக்குப் பின், 2023 ஜூனில், சீனாவின் வூசி நகரில் ஆசிய வாள்வீச்சுப் போட்டி. காலிறுதியில் எதிரே நின்றவர் உலகச் சாம்பியனான ஜப்பானியர் மிசாக்கி எமுரா. அவரை 15–10 என்று வீழ்த்தினார் வண்ணாரப்பேட்டைப் பெண். அரையிறுதியில் உஸ்பெகிஸ்தானின் சைனப் தாயிபெக்கோவாவிடம் 14–15 என ஒரே புள்ளியில் தோல்வி. எனினும் வெண்கலம் கைக்கு வந்தது. அப்போட்டியில் இந்தியா பெற்ற முதற் பதக்கம் அது. பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு 2024-இல் இடம் கிடைக்கவில்லை. இம்முறை எவரும் அவரிடம் மன்னிப்பை எதிர்பார்க்கவில்லை.