ஆட்டுப் பட்டிக்கும் தோட்டத்து வீட்டிற்கும் ஏற்ற சுழல் காமிராக்கள்

ஊத்துக்குளி என்றவுடன் வெண்ணெயும் நெய்யும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அவ்விரண்டிற்கும் ஆதாரமாயிருப்பவை இவ்வட்டாரத்துக் கால்நடைகளும், அவை மேயும் கொறங்காடுகளுமேயாம். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் உடையனவாய், கிளுவை வேலியாற் சூழப்பட்டனவாய் உள்ள இந்நிலங்களில் மாடுகளும் செம்மறி ஆடுகளும் தொன்றுதொட்டு வளர்க்கப்பட்டு வருகின்றன. குடியானவர்கள் ஊருக்குள் நெருங்கி வசியாமல், தத்தம் தோட்டத்திலேயே தனி வீடு கட்டி வசிப்பது கொங்கு நாட்டு வழக்கம். இளையவர்கள் திருப்பூர்ப் பனியன் தொழிற்சாலைகளுக்குச் சென்றுவிட, முதியவர்கள் மட்டும் தோட்டத்தில் தங்கும் நிலைமை பல குடும்பங்களில் ஏற்பட்டிருக்கிறது.

இதனால் விளையும் ஆபத்துகள் இரண்டு. முதலாவது, தெருநாய்களால் நேருவது. 2024, 2025 ஆம் ஆண்டுகளில் காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், ஊத்துக்குளிப் பகுதிகளில் நாய்கள் கூட்டமாகப் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்ற செய்திகள் பலமுறை வெளிவந்தன. இரண்டாவது, மனிதரால் நேருவது. 2024 நவம்பரில் பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீடொன்றில் ஒரே குடும்பத்தினர் மூவரும், 2025 இல் ஈரோடு மாவட்டம் சிவகிரியை அடுத்த தோட்டத்து வீடொன்றில் முதிய தம்பதியரும் கொலையுண்டனர். அதன் பின்னர், தனித்த வீடுகளில் கண்காணிப்புக் காமிரா வைக்குமாறு காவல் துறையினர் வற்புறுத்தினர். வைக்க விரும்புவோரும் பெருகினர்.

கடைக்குச் செல்வோருக்குப் பெரும்பாலும் இரண்டு வகைச் சுழல் காமிராக்கள் காட்டப்படுகின்றன. எது உயர்ந்தது என்று கேட்டு, விலை மிகுந்ததையோ குறைந்ததையோ வாங்கி வருவது வழக்கமாயிருக்கிறது. ஏர் மாட்டையும் வண்டி மாட்டையும் நிறுத்தி, இரண்டில் எது நல்லதென்று கேட்பது எத்தகையதோ, இதுவும் அத்தகையதே. எந்த இடத்தில், எந்த வேலைக்கு என்பதை முதலில் நிச்சயித்துக்கொண்ட பின்னரே காமிராவைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

இரு வகைகளும் அவற்றின் அமைப்பும்

சுழல் காமிரா என்பது இடவலமாகத் திரும்பவும், மேல்கீழாகச் சாயவும், தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்டவும் வல்லது. இம்மூன்று தொழில்களின் ஆங்கிலப் பெயர்களைச் சுருக்கி பி.டி.இசட். காமிரா என்று வியாபாரிகள் சொல்லுகிறார்கள்.

முதல் வகை சிறியது. கம்பி இணைப்பு எதுவும் வேண்டாதது. சூரிய ஒளித் தகடும் மின்கலமும் இதற்கு ஆகாரம். உள்ளே செருகிய 4ஜி சிம் அட்டை மூலம் கைப்பேசிக்குப் படம் அனுப்பும். மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும்பொருட்டு இது பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். உடற்சூட்டை உணரும் உறுப்பொன்று, ஏதேனும் நடமாடுவதை அறிந்தவுடன் இதனை எழுப்பிவிடும். இவ்வகையின் விலை சில ஆயிரம் ரூபாய்.

இரண்டாம் வகை பெரியது. ஒரே வடத்தில் மின்சாரமும் படமும் செல்லும்படி அமைக்கப்படுவது. இரவும் பகலும் விழித்திருந்து, வீட்டினுள் வைத்த பதிவுப் பெட்டியில் இடைவிடாது பதிவு செய்வது. இதன் கண்ணாடி வில்லைகள் நகர்ந்து, தொலைவிலுள்ள பொருளை 25 மடங்கு வரை உண்மையாகவே நெருக்கிக் காட்டும். இதன் விலை முன்னதைப்போல் பல மடங்கு.

நெருக்கிக் காட்டுதல் என்பதிலும் இரு விதங்கள் உண்டு. வில்லை நகர்ந்து நெருக்குவது ஆப்டிகல் ஜூம். எடுத்த படத்தையே பெரிதாக்குவது டிஜிட்டல் ஜூம். முன்னதில் புதிய விவரம் தெரியும். பின்னதில் ஏற்கெனவே உள்ள புள்ளிகள் பருத்துத் தோன்றுமேயன்றி, தெரியாத முகம் தெரிய வராது. சிறிய வகைகளில் பெரும்பாலும் பின்னதே இருப்பதால், பெட்டியின்மேல் எழுதிய மடங்கைக் கண்டு ஏமாறலாகாது.

எவ்வளவு தூரம் தெரியும்?

சர்வதேச மின்தொழில்நுட்பக் குழு 2014 இல் வெளியிட்ட தரநெறி இதற்கோர் அளவு வகுத்தது. பார்க்கும் இடத்தின் அகலத்தில் 1 மீட்டருக்கு 25 படப்புள்ளிகள் விழுந்தால், ஏதோ ஒன்று வருகிறதென்று அறியலாம். 125 புள்ளிகள் விழுந்தால், பழகிய ஆளை இன்னாரென்று அறியலாம். 250 புள்ளிகள் விழுந்தால்தான் முன்பின் அறியாதவரின் அடையாளத்தை ஐயமின்றி நிச்சயிக்கலாம்.

அகலத்தில் 1,920 புள்ளிகள் கொண்டதும், 4.8 மில்லிமீட்டரிலிருந்து 120 மில்லிமீட்டர் வரை மாறும் வில்லை உடையதுமான பெரிய காமிராவை உதாரணமாகக் கொள்வோம். விரித்துப் பார்க்கும் நிலையில், அது முகத்தை நிச்சயிக்கும் தூரம் சுமார் 23 அடியே. முழுவதும் நெருக்கிப் பார்க்கும்போதோ, அது சுமார் 575 அடியாக நீளும். சதுரமான 4 ஏக்கர் காட்டின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை ஏறத்தாழ 590 அடி என்பதைக் கொண்டு இதன் வல்லமையை ஊகிக்கலாம். நெருக்கும் வில்லையில்லாத சிறிய காமிராவுக்கு 20 அடி சொச்சமே எல்லை.

இவை பகற்கணக்கு. இரவில் காமிராவின் அகச்சிவப்பு விளக்கு எட்டும் தூரமே எல்லையாகும். பெரியவற்றில் அது பெரும்பாலும் 330 முதல் 490 அடி. சிறியவற்றில் 100 அடிக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். உடற்சூட்டை உணரும் உறுப்பு அதனினும் குறுகிய தூரத்திலேயே, ஏறக்குறைய 30 அடிக்குள்ளாகவே, நம்பத்தக்கது.

ஆட்டுப் பட்டிக்கு எது?

காடு விசாலமானது, ஆகையால் தொலைவு காட்டும் பெரிய காமிராவே பட்டிக்கு ஏற்றது என்று பலர் எண்ணுகின்றனர். யோசித்துப் பார்த்தால் இது தவறென்பது புலப்படும்.

சுழல் காமிரா ஒரு சமயத்தில் ஒரு திசையைத்தான் பார்க்கும். ஒரு மூலையை நெருக்கிப் பார்க்கையில் மற்ற மூன்று மூலைகளும் அதற்கு இருட்டே. நெருக்கிப் பார்க்கவேண்டிய இடம் எதுவென்று காட்ட ஓர் ஆள் விழித்திருத்தல் அவசியம். தானே தொடர்ந்து பார்க்கும் வசதி சில பெரிய காமிராக்களில் இருப்பினும், நாய்கள் கூட்டமாக வரும்போது, அது ஒன்றைத் தொடர்ந்து சென்று மற்றவற்றைத் தவறவிடக்கூடும். தவிர, எருவிற்காகப் பட்டியை இடம் பெயர்த்துக் கட்டுவது வழக்கமாதலால், வடம் இழுத்து நாட்டிய காமிரா பழைய இடத்தையே காத்துக்கொண்டிருக்கும். பட்டியுடன் கூடவே பெயர்த்து நடத்தக்க சிறிய வகையே இங்கே ஏற்றது.

அதனை நாட்டும் முறையிலேயே பலன் அடங்கியிருக்கிறது. காமிராவைப் பட்டியின் உட்புறம் நோக்கி வைத்தால், ஆடுகளின் அசைவே அதனை இரவு முழுவதும் எழுப்பிக்கொண்டிருக்கும். மின்கலம் காலியாகும், அடிக்கடி ஒலிக்கும் எச்சரிக்கையைப் பொறுக்கமாட்டாமல் உடையவர் கைப்பேசியின் ஓசையை நிறுத்திவிடுவார், நாய் வரும் அன்று ஓசை கேளாது. ஆகையால் நாய்கள் நுழையும் வழியை நோக்கி, வெளிப்புறமாக வைத்தல் வேண்டும். பட்டியின் இரு பக்கங்களிலும் வழியிருந்தால், பெரியது ஒன்றைவிடச் சிறியவை இரண்டே மேல்.

மின்கலத்தின் கணக்கையும் கவனித்தல் நன்று. 60 வாட்-மணி கொள்ளும் மின்கலம், விழித்திருக்கையில் 4 வாட் செலவிடும் காமிராவை 15 மணி நேரமே தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மூடலான நாட்கள் தொடர்ந்தால், வீணாக விழிக்கும் ஒவ்வொரு முறையும் நஷ்டமே. சிம் அட்டையின் கணக்கும் இத்தன்மையதே. வினாடிக்கு 1 மெகாபிட் வீதம் இடைவிடாமல் படம் அனுப்பினால் நாளொன்றுக்கு 10.8 ஜி.பி. செலவாகும், தினம் 2 ஜி.பி. தரும் அட்டை நாலரை மணிக்குள் தீர்ந்துவிடும். ஆகையால் பதிவு உள்ளேயுள்ள நினைவக அட்டையில் நிகழ, எச்சரிக்கை வந்தபோது மட்டும் நேரிற் பார்த்தல் முறையாகும். வாங்குமுன், அதே நிறுவனத்துச் சிம் உள்ள கைப்பேசியை எடுத்துச்சென்று, பட்டியிருக்கும் இடத்தில் இரவு நேரத்தில் ஒரு படத்தை அனுப்பிச் சோதித்தல் அவசியம்.

தோட்டத்து வீட்டிற்கு எது?

வீட்டில் மின்சாரம் உண்டு, இடம் மாறுவதில்லை, அறிய வேண்டியது வருபவர் யாரென்பது. ஆகையால் விழித்திருந்து இடைவிடாது பதியும் பெரிய வகை இங்கே பயன்படும். 20 வாட் செலவிடும் காமிராவுக்கு நாளொன்றுக்கு அரை யூனிட்டிற்கும் குறைவே ஆகும். இம்மின்சாரத்தை வீட்டு இணைப்பிலிருந்தே எடுத்தல் வேண்டும். நீர் இறைப்பதற்கென்று வழங்கப்பட்ட இலவச இணைப்பிலிருந்து எடுத்தல் முறையன்று. மின்தடையின்போதும் காமிராவும் பதிவுப் பெட்டியும் ஓடும்படி இன்வெர்ட்டரில் இணைத்தல் நலம். வடத்தின் நீளம் 100 மீட்டருக்கு, அதாவது 328 அடிக்கு, மேற்படலாகாது.

ஆயினும் பெரிய காமிரா ஒன்றை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. அது தொழுவத்தை நோக்கித் திரும்பியிருக்கும் சமயத்தில் வாசலுக்கு வந்தவனை அது காணாது. வாசலுக்கும் பின்கட்டிற்கும் நகராத சாதாரணக் காமிரா ஒவ்வொன்று, முகத்தின் மட்டத்தில், 20 அடிக்குள் பார்க்கும்படி வைத்துவிட்டு, களம், தொழுவம், இட்டேரி முதலியவற்றைச் சுற்றிப் பார்க்கும் வேலையைச் சுழல் காமிராவிடம் விடுதலே உசிதம். பணம் போதாதவிடத்து முதலில் வாங்கத்தக்கவை அந்த நகராத காமிராக்களே.

கம்பத்தின் உறுதி மிக முக்கியமானது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று இவ்வட்டாரத்தில் பலமானது. முழுவதும் நெருக்கிய நிலையில் பெரிய காமிரா காண்பது இரண்டரை டிகிரி அகலமே. கம்பம் கால் டிகிரி ஆடினாலும் படம் பத்தில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். ஆகையால் மெல்லிய குழாயில் மாட்டாமல், சுவரிலோ கான்கிரீட் கம்பத்திலோ பொருத்துதல் வேண்டும். இடி மின்னலுக்குப் பாதுகாப்பாக நல்ல நில இணைப்பும் அமைத்தல் வேண்டும். தழைத்த கிளுவைக் கிளை காமிராவின் முன் அசைந்தால் வீண் எச்சரிக்கை எழும், அதனைக் கழித்துவிடுக. இரவு விளக்கை நாடி வரும் பூச்சிகளுக்காகச் சிலந்தி வலை கட்டும். வாரம் ஒருமுறை துடைத்தல் நன்று.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63 ஆம் பிரிவின்படி, இத்தகைய பதிவின் நகலை நீதிமன்றத்திற் சாட்சியமாகக் கொடுப்பதற்குச் சான்றிதழ் ஒன்று தேவை. ஆகையால் காமிராவின் தேதியும் மணியும் சரியாயிருக்கின்றனவா என்று அவ்வப்போது பார்த்து வருமாறு குடிகளுக்கு எடுத்துச் சொல்லுதல் நலம். சம்பவம் நடந்தால், மூலப் பதிவை அழியாமல் நிறுத்திவைத்துக் காவல் நிலையத்தாரிடம் காட்டவேண்டும். வாட்ஸ்அப் வழியாக அனுப்பிய நகல் சுருங்கித் தெளிவு குறைந்துவிடும். நினைவக அட்டை நிறைந்ததும் பழையது தானே அழியும். வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் இடைவிடாமற் பதிந்தால், 128 ஜி.பி. அட்டை ஆறு நாட்களையும் நிறைவாகத் தாங்காது. பதிவுப் பெட்டியைக் கண்ணிற்படும் இடத்தில் வைத்தால் திருடர் அதனையே எடுத்துச் செல்வர். அடுத்த தோட்டத்து வீட்டையும் குளிப்பிடத்தையும் நோக்கிக் காமிராவைத் திருப்புதல் குற்றத்திற்கும் விரோதத்திற்கும் இடமாகும். வாங்கியவுடன் கடவுச்சொல்லை மாற்றாவிட்டால், வீட்டைப் பிறரும் பார்க்கக்கூடும்.

முடிவாக

இடம் மாறுவதும் மின்சாரமற்றதுமான பட்டிக்குச் சிறியது. நிலையானதும் மின்சாரமுள்ளதுமான வீட்டிற்குப் பெரியது, அதனுடன் நகராத காமிராக்கள். இதுவே சுருக்கமான விதி. ஆனால் காமிரா கண்டு சொல்லுமேயன்றி, கைநீட்டித் தடுக்காது. எச்சரிக்கை வந்து உடையவர் காட்டை அடைவதற்குள் நாய்கள் தம் வேலையை முடித்துவிடக்கூடும். ஆகையால் ஒன்றுக்கே பணமிருப்பின், பட்டியைச் சுற்றி ஆளுயரக் கம்பி வலை அடித்தலே முதற்காரியம். வீட்டிலும் உறுதியான கதவும், கூப்பிட்டவுடன் வரத்தக்க அண்டைத் தோட்டத்தாரின் தொலைபேசி எண்ணும் முதற்காவலாகும். தனித்திருக்கும் முதியவர்களின் காமிரா எச்சரிக்கை, திருப்பூரிலுள்ள மகனுக்கு மட்டுமன்றி, அடுத்த தோட்டத்தில் வசிக்கும் ஒருவருக்கும் செல்லும்படி அமைத்துக்கொள்வார்களாயின், செலவிட்ட பணத்திற்கு முழுப் பயனும் கிட்டும்.