வேகன் ஆர்டரும் ஹவுராவின் வேலைகளும்

கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுராவின் பெலிலியஸ் சாலையில் லேத் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கே புதிதாக ஓர் ஆளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது பட்டறைக்காரரின் கையில் மட்டும் இல்லை. ரயில்வே எத்தனை சரக்கு வேகன் வாங்கப்போகிறது என்பதையும் பொறுத்தது அது.

1965-ல் பாகிஸ்தானுடன் போர். அந்த ஆண்டும் மறு ஆண்டும் மழை பொய்த்தது. வெளிநாட்டு உதவியும் தடைப்பட்டது. கையில் பணமில்லாத மத்திய அரசு நான்காம் ஐந்தாண்டுத் திட்டத்தைத் தள்ளிவைத்தது. 1969 வரை ஆண்டுத் திட்டங்களோடு காலம் தள்ளினார்கள். ரயில்வே தன் கொள்முதலைச் சுருக்கியது. ஹவுராவின் பர்ன், டம்டமின் ஜெசாப், பிரெய்த்வெயிட் போன்ற ஆலைகளுக்கு வேகன் வாங்க வேறு ஆள் ஏது? அவை முடங்கியதும், அவற்றுக்கு வார்ப்பு ஊற்றிக் கொடுத்த ஃபவுண்டரிகளும் கடைசல் பிடித்துக் கொடுத்த பட்டறைகளும் சேர்ந்தே முடங்கின.

கெராவோ, அதாவது தொழிலாளர்கள் நிர்வாகிகளைச் சூழ்ந்து நடத்தும் முற்றுகைதான், வங்கத் தொழிலைக் கெடுத்தது என்று பலர் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. கெராவோக்கள் பெருகியது ஐக்கிய முன்னணி ஆட்சியில்; மாநிலத்தில் அந்த அரசு வந்தது 1967 மார்ச்சில். ஆர்டர்கள் அதற்கு முன்பே வற்றத் தொடங்கிவிட்டன. வேலை போய்விடுமோ என்ற பயத்தில்தான் முற்றுகைகள் வலுத்தன. அந்த முற்றுகைகள் முதலீட்டை மேலும் விரட்டின என்பதும் மறுக்க முடியாதது.

மற்ற மாநிலங்கள் மீண்டதுபோல் வங்கம் மீளாததற்கு இன்னொரு கொள்கையும் காரணம். 1956 முதல் சரக்குக் கட்டணச் சமன்பாட்டின்கீழ் எஃகு நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைத்தது. உருக்காலைகளுக்குப் பக்கத்தில் இருந்ததால் கொல்கத்தாவுக்கு இருந்த அனுகூலம் அதோடு போனது. ஆதாயம் அடைந்த தொலைதூர ஊர்களில் நம் சென்னையும் கோவையும் உண்டு. இதை நாம் மறக்கக் கூடாது. 1990-களின் தொடக்கத்தில் அந்தக் கொள்கை கைவிடப்பட்டபோது காலம் கடந்திருந்தது. 1781-ல் தோன்றிய பர்ன் நிறுவனத்தின் வாரிசான பர்ன் ஸ்டாண்டர்டை மூட 2018-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

பிறகு காற்று திசை மாறியது. 2022 மே மாதம் ரயில்வே சுமார் 90,000 வேகன்களுக்கு ஆர்டர் கொடுத்தது. கொல்கத்தாவைச் சேர்ந்த டிட்டாகர் நிறுவனத்துக்கு 24,177 வேகன்களும், டெக்ஸ்மாகோவுக்கு 20,067 வேகன்களும் கிடைத்தன.

ஆனால், மூன்று ஆண்டுக்கு ஆர்டர் வந்தால் முதலாளி மூன்று ஆண்டுக்குத்தான் ஆள் தேடுவார். ஒப்பந்தத் தொழிலாளரை வைத்தே சமாளிக்கப் பார்ப்பார். வெல்டிங், வார்ப்பு வேலைகளில் கை தேற ஆண்டுகள் ஆகும். மந்தத்தில் வெளியேறிய கைகள், ஆர்டர் திரும்பும்போது திரும்புவதில்லை. ரயில்வே தன் வேகன் தேவையைப் பத்தாண்டுக் கணக்கில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வரவு குறையும் ஆண்டிலும் அந்தக் கொள்முதலில் கை வைக்கக் கூடாது.