தாத்தாவின் பாக்கெட் வாட்ச் லட்சங்களுக்குப் போகுமா? எடைக்குப் போடும் முன் இதைப் பாருங்க!

பரண் மேல் கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தால் செயின் போட்ட பழைய பாக்கெட் வாட்ச் நாலைந்து. ஓடவில்லை. அடுத்து என்ன நடக்கும்? பழைய நகை வாங்கும் கடைக்குப் போகும். அங்கே உள்ளே இருக்கும் மெஷினைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மேல்கூடான கேஸை மட்டும் எடை போட்டுக் காசு கொடுப்பார்கள். பல வாட்ச்சுகளுக்கு அது நியாயமான விலைதான். ஆனால் சிலவற்றுக்கு, உண்மையான விலையே அந்த ஓரமாக வைத்த மெஷினில்தான் இருக்கிறது.

முதலில் சாவி கொடுக்காதீங்க

பல வருஷம் சும்மா கிடந்த வாட்ச்சில் எண்ணெய் காய்ந்து பிசின் போல ஆகியிருக்கும். அப்படியே ஓட விட்டால் உள்ளே அச்சு தேயும். பாலிஷ் போடுவதும் வேண்டாம். கேஸில் உள்ள சின்னச் சின்ன முத்திரைகள் அழிந்துவிட்டால், வயதைச் சொல்லும் சாட்சியே போச்சு. எண்களும் முள்ளும் இருட்டில் ஒளிரும் வகையா? 20ம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்தப் பூச்சில் ரேடியம் கலந்தார்கள். அதன் கண்ணாடியைத் திறக்கவோ சுரண்டவோ கூடாது.

டயலில் இருக்கும் பெயரை நம்பலாமா?

பாதிதான் நம்பலாம். பழைய வாட்ச்சுகளில் செய்தவர் பெயருக்குப் பதில் விற்ற கடையின் பெயர் இருப்பது சர்வ சாதாரணம். சென்னை மவுண்ட் ரோட்டின் 'பி.ஆர் அண்ட் சன்ஸ்' பெயரைத் தாங்கிய வாட்ச்சுகளே நல்ல உதாரணம். பெயர் மெட்ராஸ், உள்ளே மெஷின் வெளிநாடு. 'வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி' என்று இருந்தால் அது பம்பாய், கல்கத்தாவில் கடை வைத்து விற்ற சுவிஸ் நிறுவனம்.

ரயில் எஞ்சின் படம் போட்ட வாட்ச்சை 'ரயில்வே வாட்ச்' என்று பெருமையாகச் சொல்வார்கள். அங்கேதான் கொஞ்சம் உஷார்! ரோஸ்காஃப் என்ற சுவிஸ் தயாரிப்பாளர் 1867ல் கூலித் தொழிலாளியும் வாங்கும்படி மலிவு வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். அதைப் பார்த்து மற்றவர்கள் செய்ததுதான் 'சிஸ்டம் ரோஸ்காஃப்' ரகம். எஞ்சின் படம் இவற்றில் நிறைய உண்டு. பார்க்க கம்பீரம், விலை குறைவு.

நிஜ ரயில்வே தரம் வேறு. 1891ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் கிப்டன் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. ஊழியர் ஒருவரின் வாட்ச் 4 நிமிடம் நின்று ஓடியதே காரணம் என்று சொல்லப்பட்டது. அதன் பிறகு அங்கே விதிகள் இறுகின. குறைந்தது 17 கற்கள் வேண்டும், வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக்கூடாது. அந்தத் தரத்தில் வந்த ஹாமில்டன், வால்தம், எல்ஜின் வாட்ச்சுகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

மெஷின் சொல்லும் கதை

பின் மூடியை நகத்தால் நெம்பியோ திருகியோ திறக்கலாம். கத்தி வேண்டாம், பயமாக இருந்தால் அனுபவமுள்ள வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொடுத்துவிடுங்கள். மெஷினில் தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், கற்களின் எண்ணிக்கை இருக்கிறதா என்று பார்த்து போட்டோ எடுங்கள். அமெரிக்க வாட்ச் என்றால் மெஷின் எண்ணை வைத்து எந்த வருஷம் செய்தது என்றே கண்டுபிடிக்கலாம். கேஸில் உள்ள எண்ணைத் தேடினால் தப்பான வருஷம்தான் வரும், ஏன்னா அப்போது மெஷினையும் கேஸையும் தனித்தனியாக வாங்கிப் பொருத்துவார்கள்.

'17 ரூபி' என்றதும் நகைக்கடைக்கு ஓடவும் வேண்டாம். அச்சு தேயாமல் இருக்க வைத்த பொடிக் கற்கள் அவை. தனியாக எடுத்தால் ஒன்றுமில்லை.

உள்ளே பேட்டரி இருந்தால்? கதை முடிந்தது. அது பழசு போலச் செய்த புது பித்தளை வாட்ச்.

தங்கமா, தங்க முலாமா?

சுவிஸ் கேஸில் பெண் தலை முத்திரை 18 கேரட் தங்கம், அணில் 14 கேரட், கரடி வெள்ளி. பிரிட்டிஷ் கேஸில் நடக்கும் சிங்கம் 92.5 சதவீத வெள்ளி. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். கூடவே ஒரு எழுத்து இருக்கும், அது முத்திரை குத்திய வருஷம். 'கேரண்டி 20 வருஷம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அது மேலே தங்கத் தகடு மட்டுமே. 'ஜெர்மன் சில்வர்' என்பதில் வெள்ளி துளிகூட கிடையாது! செயினையும் மறக்காதீங்க. பழைய ஆங்கிலேயச் செயின்களில் ஒவ்வொரு வளையத்திலும் முத்திரை இருக்கும். சில நேரம் வாட்ச்சைவிட செயினுக்குத்தான் விலை.

சரி, எவ்வளவு கிடைக்கும்?

இணையத்தில் ஒருவர் லட்சம் கேட்கிறார் என்பது விலை ஆகாது. அதே மாடல் உண்மையில் விற்று முடிந்த தொகையைத்தான் பார்க்க வேண்டும். டயலில் விரிசல், மாற்றிய முள், வேறு கேஸ் என ஒவ்வொன்றும் விலையை இறக்கும்.

ஏற்றுவது எது தெரியுமா? யாருடையது என்ற ஆதாரம். காந்தியின் ஜெனித் வாட்ச், அவரது கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு எல்லாம் சேர்த்து 2009ல் நியூயார்க்கில் 18 லட்சம் டாலருக்கு ஏலம் போயின. எடுத்தவர் விஜய் மல்லையா. உங்கள் தாத்தா வாட்ச்சுக்கு அந்த விலை வராது. ஆனால் பணி ஓய்வில் கொடுத்ததாகப் பெயர் பொறித்திருந்தாலோ, பழைய ரசீதும் அவர் அதை அணிந்த போட்டோவும் இருந்தாலோ, வாட்ச்சோடு சேர்த்தே வையுங்கள்.

வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பும் யோசனையா? 100 ஆண்டுகளைத் தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள பொருட்களைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப 1972ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. உங்களுடையது அதில் வராது என்றால், இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்கிவிட்டு பார்சல் போடுவது நல்லது.