தாடி ரோமமும் அதை நீக்கும் வழிகளும்

ஆண்மக்களின் முகத்தில் பருவ வயதில் அரும்பத் தொடங்கி ஆயுட்காலம் முழுவதும் ஓயாமல் வளரும் தாடியை விரும்பி வளர்ப்பவரும் உண்டு. வேண்டாமென்று காலைதோறும் மழிப்பவரும் உண்டு. மழிப்பவர்களில் மெல்லிய ரோமம் உடையவருக்கு அது ஐந்து நிமிஷ வேலை. தடித்துக் கறுத்துச் சுருண்டு வளரும் முரட்டு ரோமம் வாய்த்தவருக்கோ, அது சர்மத்துக்கு நாள்தோறும் இழைக்கும் சிறு காயமாகவே முடிகிறது. காலையில் மழித்த கன்னம் மாலைக்குள் சொரசொரக்கிறது. கழுத்தில் சிவந்த கொப்புளங்கள் எழுகின்றன. அவை ஆறுமுன் அடுத்த சவரத்துக்கு வேளை வந்துவிடுகிறது. இத்தகையோருக்கென்று கடைகளிலும் சிகிச்சை நிலையங்களிலும் இன்று கிடைக்கும் சாதனங்கள் பல. அவற்றுள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தெளிவதற்கு, விளம்பரங்களைக் காட்டிலும் ரோமத்தின் இயல்பை அறிந்துகொள்வதே நல்ல துணையாகும்.

நாம் ரோமம் என்று காண்பது அதன் ஒரு பகுதியையே. சர்மத்தின் மேற்பரப்புக்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழத்தில், சாய்வாக அமைந்த மயிர்க்காலின் அடியில், இரத்த நாளங்களால் போஷிக்கப்படும் ஒரு சிறு குமிழ் இருக்கிறது. அக்குமிழில் இடையறாது பிறக்கும் உயிரணுக்கள், பின்னே பிறப்பவற்றால் மேலே தள்ளப்பட்டு, வழியிலேயே கெரட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து இறுகி, இறுகிய நிலையில் உயிர் நீத்து, இழையாக வெளிப்படுகின்றன. ஆதலால் வெளியே தெரியும் இழையை வெட்டினால் வலிப்பதில்லை; உயிர் முழுதும் வேரிலேயே தங்கியிருக்கிறது. அந்த இழைக்கு உறுதி தருவது கந்தகம். கெரட்டின் சங்கிலிகளிலுள்ள கந்தக அணுக்கள் இரண்டிரண்டாக ஒன்றையொன்று பற்றி, அச்சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து வைப்பதால்தான் ரோமம் எளிதில் அறாமலும் மட்காமலும் இருக்கிறது.

கன்னத்து மயிர்க்கால்கள் பருவ வயதில் புதிதாகத் தோன்றுபவை அல்ல. சிறுவனின் முகத்திலும் அவை உண்டு. ஆனால் அவற்றிலிருந்து வெளிப்படுவது கண்ணுக்கு எளிதில் புலப்படாத பூனைமயிரே. பருவம் வந்ததும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் பெருகுகிறது. மயிர்க்காலிலுள்ள ஒரு நொதி அதை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் வீரியம் மிக்க வடிவமாக மாற்றுகிறது. இவ்விரண்டின் ஆணைக்கு உட்பட்டே பூனைமயிர் தடித்துக் கறுத்துத் தாடியாகிறது. அங்ஙனம் ஆனபின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் வீதம் அது நீள்கிறது. எல்லா மயிர்க்கால்களும் ஒரே சமயத்தில் உழைப்பதில்லை என்பதும் கருதத் தக்கது. ஒவ்வொன்றும் சில காலம் வளர்ச்சியிலும் சில காலம் ஓய்விலும் கழித்து, பழைய இழையை உதிர்த்துவிட்டு, மீண்டும் வளர்ச்சியைத் தொடங்குகிறது.

சவரம் செய்யச் செய்ய ரோமம் தடிக்கும் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியிருக்கிறது. மில்ட்ரெட் ட்ராட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர், மழித்த ரோமங்களைச் சேகரித்து அளந்து பார்த்து, சவரத்தினால் ரோமத்தின் தடிப்போ வளரும் வேகமோ கூடுவதில்லை என்று 1928-இல் வெளியிட்டார். இயற்கையாக முளைக்கும் ரோமத்தின் நுனி கூர்ந்து மெலிந்திருக்கும். கத்தி பட்டதோ மொட்டையாக நிற்கும். தடவிப் பார்க்கும் விரலுக்கு அந்த மொட்டை நுனியே தடிப்பாகத் தோன்றுகிறது. கத்தி தொடுவது உயிரற்ற இழையை; வளர்ச்சியை நடத்துவதோ கத்தி எட்டாத ஆழத்திலுள்ள வேர்.

இவ்வளவும் தெரிந்துகொண்டால், ரோமம் நீக்கும் முறைகளை எடைபோட ஓர் அளவுகோல் நம் கைக்கு வந்துவிடுகிறது. ஒரு முறை எந்த ஆழத்தில் தாக்குகிறது என்பதே அது. புல்லை மேலே அரிவதற்கும் வேரோடு அகழ்வதற்கும் உள்ள வேற்றுமையே இங்கும் உள்ளது. ஆழம் கூடக் கூடப் பலன் நீடிக்கும். அதே அளவில் வலியும் செலவும் அபாயமும் கூடும். இந்தக் கிரமத்திலேயே ஒவ்வொரு முறையையும் பார்ப்போம்.

மேற்பரப்பில் நின்றுவிடுவது சவரக்கத்தி. ரோமத்தைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு கடினமான எஃகு, சில நாள் சவரத்திலேயே மழுங்கிப் போவது எதனால் என்பது நெடுங்காலம் தெளிவுபடாத கேள்வியாக இருந்தது. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் மின்னணு நுண்ணோக்கியின் கீழேயே ரோமத்தை மழித்துப் பார்த்து 2020-இல் அதற்கு விடை கண்டார்கள். கூர்முனை தேய்ந்து மழுங்குவதைவிட, நுண்ணிய சில்லுகளாகப் பெயர்வதே மிகுதி. ரோமம் நேராக நிற்காமல் வளைந்து, பிளேடைச் சாய்வாகச் சந்திக்கும்போது, எஃகின் நுண்ணமைப்பு ஒரே சீராக இல்லாத இடங்களில் அந்தச் சில்லு தெறிக்கிறது. முரட்டு ரோமம் உடையவர் பிளேடை அடிக்கடி மாற்ற நேர்வது இதனால்தான். இதற்கு எளிய பரிகாரம் நீர். கெரட்டின் நீரை உறிஞ்சி மென்மையாகும் இயல்புடையது. இரண்டு மூன்று நிமிஷம் வெந்நீரில் நனைந்த ரோமத்தை அறுப்பதற்கு, உலர்ந்த ரோமத்துக்கு வேண்டிய பலத்தில் ஒரு பகுதியே போதும். சோப்பு ரோமத்தின் மீதுள்ள எண்ணெயைப் போக்கி நீர் உட்புக வழி செய்கிறது. நுரையோ கத்தி வழுக்கிச் செல்லத் துணை நிற்கிறது.

மடக்குக் கத்தியைத் தீட்டிப் பிடிக்கும் கைத்திறன் இல்லாதவரும் தமக்குத் தாமே மழித்துக்கொள்ளும் சௌகரியம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாயிற்று. கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர் தீட்டவே வேண்டாத, மழுங்கியதும் எறிந்துவிடத் தக்க மெல்லிய தகட்டுப் பிளேடைக் கருதினார். அத்தனை மெல்லிய எஃகைப் பதப்படுத்தும் வித்தையை வில்லியம் நிக்கர்ஸன் என்னும் பொறியியலார் கண்டளித்தார். 1903-இல் அவர்கள் விற்றவை 51 கத்திகளும் 168 பிளேடுகளுமே. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு அவை வழங்கப்பட்டபின் அந்தப் பழக்கம் வேரூன்றியது. ஜேக்கப் ஷிக் என்பவரின் மின்சாரச் சவர இயந்திரம் 1931-இல் சந்தைக்கு வந்தது. துளையிட்ட மெல்லிய தகட்டுக்கு உள்ளே அலகு ஓடுவதால் அது கத்தியைப் போல் ஒட்ட மழிப்பதில்லை. அந்தக் குறையே சிலருக்கு வரமாகிறது.

அது எங்ஙனம் என்பதைச் சொல்ல வேண்டும். சுருண்ட ரோமத்தை மிக ஒட்ட மழித்தால், அதன் விளிம்பு கூரிய வெட்டுமுனை வெளியே வந்தபின் வளைந்து அருகிலுள்ள சர்மத்தைத் துளைத்து மீண்டும் உள்ளே நுழைகிறது. பல அலகுகள் கொண்ட கத்தியிலோ, முதல் அலகு ரோமத்தைச் சற்றே வெளியே இழுக்க, பின்வரும் அலகு அதை அறுக்க, மிஞ்சிய முனை சர்மத்தின் மட்டத்துக்குக் கீழே பின்வாங்கி, மயிர்க்காலின் சுவரையே குத்தி உள்ளே வளர்கிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாகக் கொண்டு எதிர்க்கவே, கொப்புளமும் சீழும் கருந்தழும்பும் தோன்றுகின்றன. ரோமம் மிகச் சுருண்டு வளரும் ஆப்பிரிக்க வமிசத்தவரிடையே இத்தொல்லை மிகப் பரவலாக உள்ளது. சுருண்ட தாடியுடைய நம் நாட்டினரும் இதற்கு விலக்கல்லர். சில வாரம் சவரத்தை நிறுத்திவைப்பதும், பிறகு டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் அளவு ரோமத்தை விட்டு வெட்டுவதும், கத்தியே வேண்டுமெனில் ஒற்றை அலகால் ரோமம் படிந்த திசையிலேயே மழிப்பதும் இதற்கு முதல் மருந்தாகும். சவரக் கடையில் மழித்துக்கொள்பவர் புதிய பிளேடைத் தம் கண்ணெதிரே பிரிக்கச் சொல்வதும், பலர் முகத்தில் தேய்த்த படிகாரக் கட்டியை மறுப்பதும் அவசியம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் இரத்தத்தின் வழியே பரவுபவை.

கத்திக்கு அடுத்த நிலை ரசாயனத்தினுடையது. அரிதாரத்தையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசி ரோமத்தைக் கரைக்கும் வித்தையைத் துருக்கியின் பொதுக் குளிப்பிடங்களில் நெடுங்காலம் கையாண்டனர். அரிதாரம் ஆர்ஸனிக்கும் கந்தகமும் சேர்ந்த நஞ்சு என்பதால் இன்று அதை எவரும் தீண்டலாகாது. இன்றைய களிம்புகளில் அந்த இடத்தைப் பெற்றிருப்பது தயோகிளைக்கோலிக் அமிலத்தின் உப்பு. கடுமையான காரத்தன்மையோடு கூடி, முன்னே கூறிய கந்தகப் பிணைப்புகளை அது அறுத்துவிட, ரோமம் கூழாகி வழிக்க வருகிறது. முனை கூரின்றி மென்மையாக எஞ்சுவதால், உள்ளே குத்தும் தொல்லை குறைகிறது. ஆயினும் சர்மத்தின் மேல்தோலும் கெரட்டினால் ஆனதே. கால் ரோமம் கரைய ஐந்து நிமிஷம் போதுமென்றால், முரட்டுத் தாடி கரைய அதனினும் அதிக நேரம் வேண்டும். அத்தனை நேரம் அக்காரத்தை முகத்துச் சர்மம் தாங்குமா என்பதே கேள்வி. உடம்புக்கென்று விற்கும் களிம்பை முகத்தில் பூசி வெந்துபோனவர் உண்டு. முகத்துக்கென்றே குறிப்பிட்ட களிம்பாயினும், தாடையோரம் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பின்னரே பயன்படுத்தலாம்.

இடுக்கியாலோ நூலாலோ மெழுகாலோ ரோமத்தை வேரோடு பிடுங்குவது அதற்கும் ஆழமான முறை. பலன் சில வாரம் நிற்கும். ஆனால் குமிழ் மீண்டும் உருவாகி ரோமமும் மீண்டும் முளைக்கும். ஆழ வேரூன்றிய தாடி ரோமம் பாதியில் அறுந்து உள்ளே தங்குவதும் உண்டு. கன்னத்தின் மேலே ஒதுங்கி முளைத்த சில ரோமங்களுக்கு இது ஏற்கும். முழுத் தாடிக்கு ஏற்பதன்று.

வேரையே அழிக்கும் முறைகளில் மூத்தது மின்சார ஊசி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், உட்புறமாக வளர்ந்து விழியை உறுத்தும் இமை ரோமங்களுக்காகக் கையாண்ட இம்முறையை 1875-இல் வெளியிட்டார். மயிர்க்காலினுள் நுண்ணிய ஊசியைச் செலுத்தி நேர்மின்சாரம் பாய்ச்சினால், அங்குள்ள உப்பும் நீரும் சிதைந்து சோடியம் ஹைட்ராக்ஸைடு என்னும் கடுங்காரம் உண்டாகி, ரோமத்தின் வேரைக் கரைத்துவிடுகிறது. பிற்காலத்தில் உயர் அதிர்வெண் மின்சாரத்தின் வெப்பத்தால் சுடும் முறையும், இரண்டையும் இணைத்த முறையும் தோன்றின. ரோமம் கறுப்பாயினும் நரையாயினும், சர்மம் எந்நிறத்ததாயினும் இது பலிக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நிரந்தர ரோம நீக்கம் என்று ஏற்றிருப்பது இதனையே. ஆனால் ஒவ்வொரு மயிர்க்காலாக ஊசி செல்ல வேண்டும். முகத்தில் அவை ஆயிரக்கணக்கானவை. முழுத் தாடிக்கு ஓராண்டும் அதற்கு மேலும் தொடர்ந்து அமரும் பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமை இல்லாதவர்கள் குறுக்கு வழி தேடியதன் விளைவை மருத்துவ வரலாறு துயரத்தோடு பதிந்து வைத்திருக்கிறது. 1920-களில் அமெரிக்காவில் எக்ஸ்-கதிரைக் கொண்டு வலியின்றி ரோமத்தை உதிர்க்கும் நிலையங்கள் நகரங்கள்தோறும் திறக்கப்பட்டன. பெரும்பாலும் பெண்களே சென்றனர். ரோமம் உதிர்ந்தது உண்மை. ஆனால் பின்னர் அவர்களிற் பலருக்குச் சர்மம் சுருங்கிப் புண்ணாயிற்று. சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. வலியில்லை என்பதே ஒரு முறையின் நன்மைக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் கொடிய உதாரணம் வேண்டுவதில்லை.

இன்று மிகுதியாக நாடப்படுவது லேசர். ராக்ஸ் ஆண்டர்ஸன், ஜான் பேரிஷ் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் 1983-இல் வகுத்த தத்துவம் அதன் அடிப்படை. சர்மத்தினுள் ஒரு குறிப்பிட்ட நிறப்பொருள் மட்டுமே விழுங்கும் ஒளியைத் தேர்ந்து, அப்பொருள் பெற்ற வெப்பம் சுற்றிலும் பரவுமுன் அணைந்துவிடும் குறுகிய துடிப்பாகச் செலுத்தினால், அண்டை அயல் வேகாமல் குறித்த இலக்கு மட்டும் வேகும். ரோமத்தில் அந்த நிறப்பொருள் மெலனின். அது ஒளியை வாங்கிச் சூடேறி, ரோமத்தை மீண்டும் மீண்டும் தோற்றுவிக்கும் அடிநிலை உயிரணுக்களைச் சுடுகிறது. சவரத்துக்குச் சத்துருவாக நின்ற தடிப்பும் கருமையுமே இங்கு மித்திரர்களாகிவிடுகின்றன. முரட்டுக் கறுப்பு ரோமத்தைப் போல் லேசருக்கு உகந்த இலக்கு வேறில்லை. மெலனின் அற்ற நரைரோமத்திலோ ஒளி கொஞ்சமும் வேலை செய்யாது. வளர்ச்சிப் பருவத்திலுள்ள ரோமத்திடமே நன்கு பலிப்பதால், நாலைந்து வாரத்துக்கொரு முறையாக ஆறு, எட்டு அமர்வுகள் தேவைப்படுகின்றன.

நம்மைப் போன்ற கருநிறத்தவர் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மெலனின் ரோமத்தில் மட்டுமா இருக்கிறது? நம் சர்மத்திலும் நிறைந்திருக்கிறது. 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்ஸாண்டிரைட் லேசரின் ஒளியை மேல்தோலே பெரிதும் விழுங்கிவிடுவதால், கரிய சர்மம் கொப்புளித்துத் திட்டுத் திட்டாக நிறம் மாறக்கூடும். 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள நியோடிமியம்-யாக் லேசரோ மேல்தோலில் அவ்வளவு தங்காமல் ஆழ்ந்து இறங்குவதால் கருநிறத்தவருக்கு அதிகப் பாதுகாப்பானது. வெளிநாட்டில் வெண்ணிறத்தவருக்கு நன்மை செய்த கருவி என்பது நமக்கு அத்தாட்சியாகாது. லேசர் முறையை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நிரந்தர நீக்கம் என்று கூறாமல் நிரந்தரக் குறைப்பு என்றே அனுமதித்திருப்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஹார்மோன் ஓயாததால் ஆண்களின் முகத்தில் சில ரோமங்கள் மெலிந்தேனும் திரும்பும். அபூர்வமாகச் சிலருக்குச் சுட்ட இடத்தின் ஓரங்களில் புதிதாக ரோமம் தடிப்பதும் உண்டு.

ஆகவே முரட்டுத் தாடியால் துன்புறுபவர், மேற்பரப்பிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஆழத்துக்குச் செல்வதே விவேகமான வழி. வெந்நீரும் புதிய ஒற்றை அலகும் டிரிம்மரும் பெரும்பாலோருக்குப் போதுமானவை. அவற்றில் நேரும் பிழை ஒரு வாரத்தில் ஆறிவிடும். வேரைத் தொடும் சிகிச்சையில் நேரும் பிழையோ முகத்திலேயே தங்கிவிடும். பிற்காலத்தில் தாடி வளர்க்க விருப்பம் உண்டாகுமா என்பதையும் எண்ணி, கொப்புளம் மிகும் கழுத்தில் மட்டும் ரோமத்தைக் குறைத்துக்கொள்வோர் பலர். அது நல்ல சமரசம். அந்நிலையிலும் சர்ம நோய் மருத்துவரையே நாடுங்கள். கருவி எது, அதன் அலைநீளம் என்ன, என் நிறத்துக்கு அது பொருந்துமா, சிறிய இடத்தில் முதலில் சோதித்துப் பார்ப்பீர்களா என்ற நான்கு கேள்விகளையும் கூச்சமின்றிக் கேளுங்கள். இவற்றுக்குத் தெளிவாக விடை கூறாத இடத்தில் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.