மயில்துத்தமும் இறால் ஓடும்

போடி, குரங்கணிப் பக்கம் ஏலத்தோட்டக்காரர்களுக்கு மயில்துத்தம் புதிதல்ல. காய் அழுகலுக்கு அதைச் சுண்ணாம்போடு சேர்த்து போர்டோ கலவையாகத் தெளிப்பார்கள். மயில்துத்தத்தை மட்டும் தண்ணீரில் கரைத்தால் பளிச்சென்ற நீலம். காரணம், அதிலுள்ள செம்பு அயனி. எத்தனை முறை துணியில் வடிகட்டினாலும் அது போகாது. உப்பைப் போல நீரோடு நீராகக் கலந்துவிடும்.

அதைப் பிடிக்க இறால் ஓடு போதும். ஆமாம், நாம் குப்பையில் கொட்டுகிற அதே ஓடுதான்! அதிலிருந்து பிரித்தெடுக்கும் கைட்டின் என்ற பாலிமரைச் சூடான காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் கைட்டோசானாக மாறும். அந்த மாற்றத்தில் வெளியே தலைநீட்டும் அமினோ தொகுதிகள் செம்பைக் கவ்விக்கொள்கின்றன. கரைசல் வெளுக்க வெளுக்க, வெளிர் நிறக் கைட்டோசான் சீவல் நீலமாகும். பார்க்கவே வேடிக்கை.

ஆனால், நீரில் கலக்கும் ஆர்சனிக் என்ற நஞ்சு செம்பைப் போல அவ்வளவு சுலபமாகச் சிக்காது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர் கைட்டோசானுக்குள் இரும்புச் சேர்மத்தின் நுண்துகள்களைப் பதித்தார்கள். ‘அம்ரித்’ என்ற அந்த வடிகட்டி, ஆர்சனிக்கை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற உலக சுகாதார நிறுவன வரம்புக்கும் கீழே இறக்குகிறது. மின்சாரம் வேண்டாம். நிலத்தடி நீரில் ஆர்சனிக் கலந்த மேற்கு வங்கக் கிராமங்களுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கிறது.