பிறர் போராட்டத்துக்காக வேலையை மறுக்கலாமா?

2023 அக்டோபர் 27 அன்று சுவீடனில் டெஸ்லா கார் பட்டறைகளின் மெக்கானிக்குகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய ஐஎஃப் மெட்டல் சங்கத்தின் கோரிக்கை, நிறுவனம் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது. சுவீடனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இல்லை. சங்கமும் முதலாளியும் பேசி எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்தான் அங்கே கூலியைத் தீர்மானிக்கிறது. பத்தில் ஒன்பது தொழிலாளர் அதன் கீழ் வருகிறார்கள். நாங்கள் தருவது அதற்குக் குறைந்ததல்ல என்றது டெஸ்லா.

மெக்கானிக்குகள் வெகு சிலரே. அதனால் மற்ற சங்கங்கள் துணைக்கு வந்தன. துறைமுகத் தொழிலாளர்கள் டெஸ்லா கார்களைக் கப்பலிலிருந்து இறக்க மறுத்தார்கள். எலக்ட்ரீஷியன்கள் அதன் பட்டறைகளிலும் சார்ஜிங் நிலையங்களிலும் பழுதுபார்க்க மறுத்தார்கள். தபால்காரர்கள் டெஸ்லா முகவரிக்கு வரும் தபாலைக் கொடுக்க மறுக்கவே, புது கார்களுக்கான நம்பர் பிளேட்டுகள் முடங்கின. டெஸ்லா வழக்குப் போட்டது.

இது சரியா? நம்பர் பிளேட் விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பணம் கட்டிவிட்டு வண்டிக்குக் காத்திருப்பவருக்கும் இந்தத் தகராறுக்கும் சம்பந்தமில்லை. பிளேட்டை வழங்குவதோ அரசு. ஆனால் தபால்காரர்கள் ஊருக்கே தபாலை நிறுத்தவில்லை. ஒரே நிறுவனத்தின் முகவரிக்குப் போவதை மட்டும் நிறுத்தினார்கள். சட்டப்படி முன்கூட்டியே அறிவிப்பும் கொடுத்தார்கள். திருட்டுத்தனமாகத் தபாலை ஒளித்து வைத்திருந்தால் அது வேறு கதை.

இதற்கு எதிரான வாதமும் வலுவானது. தனக்கு எந்தக் குறையும் வைக்காத முதலாளியின் வேலையைத் தொழிலாளி ஏன் நிறுத்த வேண்டும்? இப்படியே போனால் ஒரு பட்டறைச் சண்டை நாட்டையே நிறுத்திவிடாதா? பிரிட்டன் இந்த அச்சத்தில் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆதரவு வேலைநிறுத்தங்களுக்கு இருந்த பாதுகாப்பை முழுதாக எடுத்துவிட்டது. அது தவறு என்பேன். பெரிய நிறுவனம் வேலைநிறுத்தக்காரர்களின் இடத்துக்கு வேறு ஆட்களைக் கொண்டுவந்து காலம் கடத்த முடியும். சில பத்து மெக்கானிக்குகளுக்கு அந்த வசதி கிடையாது. சரக்கை இறக்குபவரும் பழுது பார்ப்பவரும் வழக்கம்போல் வேலை செய்தால், அவர்கள் விரும்பாமலே நிறுவனத்தின் பக்கம் நின்றதாகிவிடும்.

எல்லை ஒன்று உண்டு. ஆம்புலன்ஸ், மருந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் மின்சாரம் ஆகியவற்றில் கை வைத்தால் அடி முதலாளிக்கு விழாது, நோயாளிக்கு விழும். கார் தாமதமாவது எரிச்சல்தான். ஆனாலும் வாங்கியவர் அந்த எரிச்சலை டெஸ்லாவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.