பட்டை ஏற்றிய வண்டி

ராசிபுரம் வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு அறுவடை தொடங்கிவிட்டால் பிக்கப் வண்டிகளின் நடையே மாறிவிடும். சேகோ ஆலைக்குப் போகும்போது பின்பக்கம் அமுங்கி, முகப்பு விளக்குகள் வானம் பார்க்கும். கொட்டிவிட்டுத் திரும்பும்போது பின்பக்கம் வெட்டுக்கிளி மாதிரி எழும்பி நிற்கும். ஒவ்வொரு குழியிலும் துள்ளும். இந்த அமுங்கலைப் பார்த்துச் சலித்தவர்தான் ஒருநாள் பட்டறையில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, பின்னால இன்னொரு பட்டை சேர்த்து ரெண்டு இஞ்சு தூக்கி விட்டுருங்க" என்கிறார்.

வெறும் 5 செ.மீ. ஆனால் அந்த 5 செ.மீ. எதையெல்லாம் அசைக்கிறது என்று பார்க்க, வண்டிக்கு அடியில் கொஞ்சம் குனிய வேண்டும்.

முதலில் கண்ணில் படுவது, படகுபோல் வளைந்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு. நீளமானது மேலே, அதைவிடக் குட்டை அடுத்து, எல்லாவற்றிலும் குட்டையானது அடியில். எதற்கு இத்தனை? தடியான ஒரே பட்டை போதாதா? போதாது. பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் கனத்தைப் பொறுத்தது: தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. 8 மி.மீ. தடிமனுள்ள எட்டுப் பட்டைகளை அடுக்கினால் ஒரு பட்டையைப்போல் எட்டு மடங்கு விறைப்பு கிடைக்கும். அதே எட்டையும் உருக்கி 64 மி.மீ. கட்டையாக வார்த்தால் 512 மடங்கு. அது வளையாது; குழியின் அடி முழுவதும் நேராக ஓட்டுநரின் முதுகெலும்புக்குப் போகும். பாரத்தைத் தாங்கவும் வேண்டும், வளைந்துகொடுக்கவும் வேண்டும் என்ற முரணான கோரிக்கைக்கு அடுக்குதான் விடை.

பட்டைகள் ஏன் படிப்படியாகக் குட்டையாகின்றன? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இருக்கிறது. பாரம் ஏறும்போது வளைக்கும் விசை நடுவில், ஆக்ஸிலுக்கு மேலே, மிக அதிகம். இரு முனைகளிலும் பூஜ்யம். அப்படியானால் நடுவில் அகன்று முனைகளில் கூராகும், பட்டம் மாதிரி ஒரு தகடு செய்தால் இரும்பு எங்கும் ஒரே அளவு உழைக்கும். ஒரு துளியும் வீணாகாது. ஆனால் அந்தப் பட்டத்தின் அகலம் அரை மீட்டரைத் தொடும். சக்கரத்துக்குப் பக்கத்தில் அதற்கு இடமேது? எனவே பட்டத்தை நீளவாக்கில் கீற்றுக்கீற்றாக நறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிட்டார்கள். நாம் பார்க்கும் அடுக்கு, மடித்துவைத்த ஒரு பட்டம்.

பிரித்துப்போட்டால் இன்னொரு ரகசியம் தெரியும். குட்டைப் பட்டைகளுக்கு வளைவு அதிகம். சும்மா அடுக்கினால் நடுவில் இடைவெளி விழும். நடு போல்ட்டை முறுக்கும்போது இடைவெளி மூடுகிறது; கீழ்ப்பட்டைகள் மேல்பட்டையைப் பாரத்துக்கு எதிர்த்திசையில் முன்கூட்டியே வளைத்துவிடுகின்றன. பிரேக் அடிக்கும் இழுப்பையும் வளைவில் தள்ளும் தள்ளலையும் வாங்குவது, சேஸில் மாட்ட இரு முனையிலும் காதுள்ள அந்த மேல்பட்டைதானே, அதற்கு இந்தச் சலுகை.

எஃகும் லேசுப்பட்டதல்ல. 850 டிகிரிக்கு மேல் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கண்ணாடிபோல் கடினமாகும், கண்ணாடிபோல் உடையவும் செய்யும். மீண்டும் 450 டிகிரி அளவில் சூடேற்றினால் வீம்பு தணிந்து உறுதி வருகிறது. பிறகு குட்டி எஃகு மணிகளை வேகமாக எறிந்து, அம்மி கொத்துவதுபோல் மேல்தோலைக் கொத்துகிறார்கள். விரிசல் பெரும்பாலும் இழுபடும் மேற்பரப்பில்தான் பிறக்கும். கொத்துப்பட்ட தோல் உள்ளுக்குள் இறுகி நிற்பதால் விரிசல் வாய்திறக்கவே சிரமப்படும். பழைய லாரிப் பட்டையைக் கொல்லர்கள் அரிவாளுக்குத் தேடிப்போவது இந்த எஃகுக்காகத்தான்.

வண்டியைத் தூக்க வழிகள் சில உண்டு. கூடுதல் பட்டை ஒன்று. சம்மட்டியால் வளைவு ஏற்றுவது இன்னொன்று. பட்டையின் பின்காதைத் தாங்கும் ஊசல் துண்டை, அதாவது ஷாக்கிளை, நீளமாக்குவதும் உண்டு. ஆனால் 2 அங்குலம் நீளமான ஷாக்கிள் போட்டால் வண்டி 1 அங்குலம்தான் எழும்! முன்காது அசையாமல் நிற்க, பின்காது மட்டும் இறங்குகிறது. நடுவிலிருக்கும் ஆக்ஸிலுக்குப் பாதிதான் கிடைக்கும்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. எப்படித் தூக்கினாலும் எழுவது சேஸும் தொட்டியும். ஆக்ஸிலின் நடுவில் தொங்கும் ஹவுசிங் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். கரட்டுப் பாதையில் கல்லில் இடிப்பது பெரும்பாலும் அதுதான்! அதை உயர்த்தப் பெரிய டயரால்தான் முடியும்.

துள்ளலுக்கு வருவோம். வண்டி ஒரு வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது, பாரத்தில் பட்டை எவ்வளவு அமுங்குகிறது என்பதைப் பொறுத்தது. 25 செ.மீ. அமுங்கினால் வினாடிக்கு ஒரு முறை, தொட்டில் மாதிரி. 6 செ.மீ. என்றால் இரண்டு முறை. நாம் நடக்கும்போது உடல் ஏறியிறங்கும் வேகம் அது. 1 செ.மீ. மட்டும் என்றால் ஐந்து முறை, குடல் கலங்கும். கூடுதல் பட்டை விறைப்பைக் கூட்டி அமுங்கலைக் குறைக்கிறது. ஆகவே பாரத்தோடு நிமிர்ந்து நிற்கும் வண்டி, காலியாகத் திரும்பும்போது முன்னைவிட மோசமாகத் துள்ளும். அதனால்தான் பாரம் ஏறினால் மட்டும் வேலைக்கு வரும் ஹெல்பர் பட்டைகளைக் கண்டுபிடித்தார்கள்.

பாரத்துக்கு ஏற்ற அமுங்கல் என்ற விதியைச் சொன்னவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678-இல் விடையை அவிழ்த்தார். புதிர் வந்த அதே நூலில் அவர் விவரித்த இன்னொரு கருவியும் இந்த வண்டியின் அடியிலேயே சுழல்கிறது. பட்டறைக்காரர்கள் 'கிராஸ்' என்று சொல்லும் மூட்டு அது. கியர் பெட்டியிலிருந்து பின்ஆக்ஸிலுக்குப் போகும் தண்டைச் சாய்வாகவும் சுழலவிடுவது. அதற்கு ஒரு கோணல் புத்தி. 10 டிகிரி சாய்ந்தால், ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் சுமார் 1.5 சதவீதம் கூடிக் குறையும். தண்டின் இரு முனையிலும் கிராஸ் வைத்து, கோணங்களைச் சமமாக்கினால் ஒன்றின் கோணல் மற்றொன்றை அழித்துவிடும். தூக்கும்போது ஆக்ஸில் சற்றே திரும்பினாலும் அந்தச் சமன் போச்சு. "தூக்கினதிலிருந்து அடியில ஒரு உதறல்" என்று ஓட்டுநர் திரும்பி வருவார். பட்டைக்கு அடியில் ஆப்புபோல் சிறு தகடு செருகி ஆக்ஸிலைத் திருப்பினால் உதறல் அடங்கும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கதை வேறு. சக்கரங்களுக்கிடையே 1.4 மீட்டர், பாரத்தின் எடைமையம் தரையிலிருந்து 90 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். எடைமையம் 5 செ.மீ. உயர்ந்தால், கவிழாமல் தாங்கும் பக்கவாட்டு விசை சுமார் இருபதில் ஒரு பங்கு குறைகிறது. இப்படிப்பட்ட மாற்றங்களைச் சட்டமும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

இத்தனையும் சரிசெய்த பிறகும் மறந்துபோகக்கூடிய ஒரு கம்பி இருக்கிறது. பல சரக்கு வண்டிகளில் பின்ஆக்ஸிலுக்கும் சேஸுக்கும் நடுவே அது ஓடும். மேல்முனையில் ஒரு சின்ன வால்வு. காலி வண்டியில் பின்சக்கரத்துக்கு முழு பிரேக் கொடுத்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். அதனால் வால்வு பாரத்தை எடைபோட்டு, பின்பிரேக்கின் அழுத்தத்தை அளந்து விடுகிறது. தராசு கிடையாது, மின்சாரம் கிடையாது. சேஸ் ஆக்ஸிலுக்கு அருகே வந்தால் பாரம் இருக்கிறது, விலகினால் காலி: அதற்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவே. இரண்டு அங்குலம் தூக்கிய வண்டியில் மூட்டை மூட்டையாகக் கிழங்கு ஏறியிருந்தாலும், "காலி வண்டி" என்று நம்பிப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். விவரம் தெரிந்த மெக்கானிக் வேலை முடிந்து எழுவதற்குமுன் அந்தக் கம்பியையும் இரண்டு அங்குலத்துக்கு ஏற்பத் திருத்திவிட்டுத்தான் கையைத் துடைப்பார்.